பில் தரவிலிருந்து புதிய வணிக யோசனை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

2004-ஆம் ஆண்டு ஃபிரான்சஸ் சூறாவளி புளோரிடாவை நெருங்கிய வேளையில், வால்மார்ட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் லிண்டா டில்மேன், சில வாரங்களுக்கு முன் சார்லி சூறாவளி வந்தபோது மக்கள் எவற்றை வாங்கினார்கள் என்று பழைய விற்பனைப் பதிவுகளில் தேடச் செய்தார். டார்ச் விளக்கு விற்கும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். ஸ்ட்ராபெர்ரி பாப்-டார்ட்ஸ் என்னும் தின்பண்டம் வழக்கத்தைப் போல ஏழு மடங்கு விற்றிருந்தது பதிவுகளைப் பார்த்த பிறகே தெரிந்தது. உடனே அதை லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். அதே வழியை ஒரு பல்பொருள் அங்காடியின் பில்களில் எப்படிப் பின்பற்றுவது என்று பார்ப்போம்.

படி 1: கேள்வியை எழுதுங்கள். “விற்பனையை எப்படிக் கூட்டுவது?” என்பதற்கு எந்தத் தரவும் பதில் சொல்லாது. “மாதத்தின் முதல் வாரத்தில் எந்தப் பொருள்கள் ஒரே பில்லில் சேர்ந்து வருகின்றன?” என்பதற்குச் சொல்லும்.

படி 2: பில் எண், தேதி, பொருள், அளவு ஆகியவற்றை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிசைகளே அடங்கும். அதற்கு மேல் போனால் பைத்தான் என்னும் நிரல்மொழிக்கு மாறலாம், அல்லது ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும்போது முழு பில்களாக எடுங்கள். வரிசைகளாக எடுத்தால் சேர்ந்து வாங்கிய பொருள்கள் பிரிந்துபோகும்.

படி 3: “பொன்னி 5 கி”, “பொன்னி அரிசி 5 கிலோ” போல ஒரே பொருள் பல பெயர்களில் இருந்தால் ஒன்றாக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் அடுத்த படியில் வரும் எண்கள் எல்லாம் பிழையாகும்.

படி 4: சேர்க்கைகளைக் கணக்கிடுங்கள். 1,000 பில்களில் இட்லி மாவு 100-இலும், புதினா 200-இலும், இரண்டும் சேர்ந்து 60-இலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லா வாடிக்கையாளரிலும் புதினா வாங்குவோர் 20 சதவீதம். மாவு வாங்குவோரிலோ 60 சதவீதம். 60-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைக்கும் 3 என்பதே அந்தச் சேர்க்கையின் வலிமை. 1 அல்லது அதற்கு அருகில் இருந்தால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பொருள். ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும்போது எல்லா இணைகளையும் எண்ணுவது கடினம். ஒரு பொருளே அரிதாக விற்கும்போது அது இடம்பெறும் எந்த இணையும் அதைவிட அதிகமாக வர முடியாது என்பதால், அரிதானவற்றை முதலிலேயே விலக்கிவிடலாம், ஐ.பி.எம். ஆய்வாளர்களான ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் 1994-இல் வெளியிட்ட ‘ஏப்ரியோரி’ வழிமுறையின் அடிப்படை இதுதான்.

படி 5: சிறிய அளவில் சோதியுங்கள். வலிமையான சேர்க்கையைக் கண்டதும் இரண்டையும் சேர்த்துத் தள்ளுபடி அறிவிப்பது பலரின் வழக்கம். எப்படியும் சேர்த்தே வாங்குகிறவர்களுக்கு விலையைக் குறைப்பது, என் பார்வையில், வீண் செலவு. அதைவிட மாவுடன் சட்னிக்குரிய அனைத்தையும் ஒரே பையில் கட்டி ஒரு கிளையில் மட்டும் விற்றுப் பாருங்கள். அதையொத்த மற்றொரு கிளையைப் பழையபடியே விட்டுவைத்து, பை எத்தனை விற்றது என்பதோடு நிற்காமல், இரு கிளைகளிலும் ஒரு பில்லுக்குக் கிடைத்த சராசரி லாபம் எப்படி மாறியது என்பதையும் ஒப்பிடுங்கள்.