கிளவுட் கணக்கு முடக்கப்படக் காரணமாகும் தவறுகள்

இணையதளத்தை இயக்க சர்வரை (எப்போதும் இணையத்தில் இயங்கும் கணினியை) வாடகைக்குத் தரும் கிளவுட் ஹோஸ்டிங் சேவையில் கணக்குத் தொடங்கி, விதிமுறைகளை ஏற்பதாக டிக் செய்தவுடன், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தேன், முந்திரி, நகை விற்போரின் இணையதளங்கள் பலவற்றில் அந்த ஒப்பந்தத்தைச் செய்தவர் யார் என்பதே உரிமையாளருக்குத் தெரியாது. நான் பார்த்தவரை, சிறு வணிகர்கள் வேண்டுமென்றே விதியை மீறுவதில்லை. வந்த எச்சரிக்கையைப் படிக்க ஆளில்லாததால்தான் கணக்கை இழக்கிறார்கள்.

முதல் தவறு, தளத்தை உருவாக்கித் தரும் இளைஞரின் சொந்த மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் கணக்கைத் திறப்பது. அவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ வளைகுடாவிலோ வேலைக்குச் சேர்ந்துவிட்டால், அறிவிப்புகள் எல்லாம் கடைக்காரர் கண்ணில் படாத பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். கணக்கு முடங்கியபின் அது தன்னுடையதுதான் என்று காட்டக் கடைக்காரரிடம் ஆவணமும் இருக்காது. பெயரையும் முகவரியையும் ஏனோதானோவென்று நிரப்புவதும் ஆபத்தானது. கிளவுட் சேவை தருவோர் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைச் சேவை முடிந்த பின்னும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டுள்ளது. எனவே கணக்கு உரிமையாளர் பெயரிலேயே இருக்கட்டும். தொடர்பு முகவரியாகத் தரும் மின்னஞ்சல் அதே சர்வரில் இயங்குவதாக இருக்கக் கூடாது. சர்வர் நிறுத்தப்பட்டால், ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்லும் கடிதமும் அதோடு நின்றுவிடும்.

உங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம் (வேண்டாத மின்னஞ்சல்), தாக்குதல் போன்ற முறைகேடு நடப்பதாகப் புகார் வந்தால், அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸ் 24 மணி நேரத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறது. பதில் இல்லாவிட்டால் சர்வரைத் தடுக்கவோ கணக்கை நிறுத்திவைக்கவோ செய்யலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் குமரி மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நினைத்தால், ஒரே ஊரில் இருக்கும் ஒரே ஆளை நம்பி இந்தக் கெடுவை எதிர்கொள்வது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது புரியும். வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அறிவிப்புகள் போகும்படி செய்துவைக்க வேண்டும். பதிலில் கோபமோ கெஞ்சலோ வேண்டாம். சிக்கல் எதனால் நேர்ந்தது, இப்போது என்ன சரிசெய்யப்பட்டது, இனி நேராமலிருக்க என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் தெளிவாக எழுதினால் போதும்.

புகார்களுக்கு அதிகம் இடம் தருவது மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவதுதான். கண்காட்சி அரங்கில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, வந்தவர்களிடமெல்லாம் முகவரி எழுதி வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து ஓணம் தள்ளுபடிக்காக அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் புரியாமல் தட்டச்சு செய்தவையும் கைவிடப்பட்டவையுமாகப் பல முகவரிகள் திரும்பி வரும். முகவரி தந்ததையே மறந்துவிட்ட சிலர் ‘ஸ்பேம்’ என்று அழுத்துவார்கள். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் அமேசானின் எஸ்இஎஸ் சேவையில், திரும்பி வருபவை 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்புக்குள் வரும். 10 சதவீதத்தில் அனுப்புவதே நிறுத்தப்படலாம். புகார்களுக்கான வரம்பு இன்னும் கடுமையானது: 0.1 சதவீதம், அதாவது ஆயிரம் பேரில் ஒருவர். இதிலிருந்து தப்பிக்க நினைத்து, சர்வரிலிருந்து நேரடியாக, மின்னஞ்சல் போக்குவரத்துக்கான வாயிலான 25-ஆம் போர்ட் வழியாக அனுப்ப முயல்வோரும் உண்டு. அமேசானும் கூகுள் கிளவுடும் அந்த வழியை முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கின்றன. சம்மதம் தந்தவர்களுக்கு மட்டும், விலகிக்கொள்ளும் இணைப்புடன், சிறு சிறு தொகுதிகளாக அனுப்புவதே சரியான முறை.

கிளவுட் நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் இலவசச் சலுகை முடிந்ததும் வேறு பெயரில், வேறு அட்டையில் புதுக் கணக்குத் திறக்கும் பழக்கம் பொறியியல் மாணவர்களிடம் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தால் நிறுவனம் தொடர்புடைய கணக்குகளைச் சேர்த்தே மூடிவிடக்கூடும். அந்த இலவச சர்வரில் கிரிப்டோ மைனிங் (கணினியின் திறனைச் செலவழித்து டிஜிட்டல் நாணயம் ஈட்டுவது) ஓட்டுவது அதைவிட மோசம்: ஜெர்மன் ஹோஸ்டிங் நிறுவனமான ஹெட்ஸ்னர் அதை அடியோடு தடை செய்கிறது, கூகுள் கிளவுடும் மைக்ரோசாஃப்ட் அசூரும் எழுத்துமூல முன்அனுமதி இல்லாமல் ஒப்புக்கொள்வதில்லை.

நீங்கள் மைனிங் செய்யாவிட்டாலும் உங்கள் சர்வர் செய்யக்கூடும். இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை)த் திருட்டு நகலாக இறக்கி நிறுவினால், அதற்குள் ஒளிந்திருக்கும் நிரல் உங்கள் சர்வரைக் கொண்டு மைனிங்கோ பிறர்மீது தாக்குதலோ நடத்தலாம். கணக்கின் ரகசிய சாவியை (கடவுச்சொல் போல நிரல்கள் பயன்படுத்துவதை) நிரலுக்குள்ளேயே எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவெளியில் ஏற்றினால், அதைக் காண்பவர் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியும் என்பதால் இதே விளைவு ஏற்படும். ‘நான் செய்யவில்லை’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சர்வரில் நீங்கள் நிறுவும் மென்பொருளுக்கும் சாவிகளுக்கும் நீங்களே பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்கிறது.

கட்டணத் தவறுகள் சிறியவை போலத் தோன்றினாலும் கணக்கை அவையும் நிறுத்தும். ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் உயர்த்திய வரம்பின்படி, அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்படும் தொகை ₹15,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்படுத்தல் தேவை. விழாக்கால விற்பனையில் பில் எகிறும் மாதத்தில்தான் பணம் போகாமல் நிற்கும் என்பதால், செலவு எச்சரிக்கையை அந்த வரம்புக்குக் கீழேயே அமைத்துவைப்பது நல்லது.

மூடப்பட்ட அமேசான் கணக்கை மீட்க 90 நாட்கள் உண்டு. அதன்பின் தரவு அழிக்கப்படும். பேக்கப்பையும் அதே கணக்கில் வைத்திருப்பவருக்கு அந்த 90 நாட்களுமே தவிப்பாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் பட்டியலும் ஆர்டர் விவரமும் வாரம் ஒருமுறையாவது வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்திலோ கடையிலிருக்கும் ஹார்டு டிஸ்கிலோ பதிவாகட்டும். அந்த நகலிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று ஒரு முறை செய்தும் பார்த்துவிடுங்கள்.