பேச்சுப் பிரெஞ்சைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடநூல் வழியாகப் பிரெஞ்சு கற்றவர்கள், பேக்கரி வரிசையில் நிற்கும் இருவர் தங்கள் வீட்டு விஷயங்களைப் பேசிக்கொள்வதை முதன்முறை கேட்கும்போது, தாம் கற்றது வேறு மொழியோ என்று திகைத்துப் போகிறார்கள். உடனே பேச்சின் வேகத்தைக் குறை சொல்வதுதான் முதல் தவறு. 'இருக்கிறது' என்று எழுதி 'இருக்கு' என்று பேசும் நமக்கு உண்மைக் காரணம் எளிதில் விளங்க வேண்டும்: அங்கும் எழுத்துநடை வேறு, பேச்சுநடை வேறு.

'எனக்குத் தெரியாது' என்பதற்குப் புத்தகம் 'ஜ நெ சே பா' என்று கற்பிக்கிறது. வாயில் வருவதோ 'ஷே பா'. எதிர்மறையின் முன்பாதியான 'நெ' அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுவதால், அதற்காகக் காத்திருப்பவர் மறுப்பையே கோட்டைவிடுகிறார். சாப்பாட்டு மேசையில் ஒருவர் 'ஜான் வெ ப்ளுஸ்' என்றால் அவருக்கு இன்னும் வேண்டும். கடைசி 'ஸ்' ஒலிக்காமல் 'ஜான் வெ ப்ளு' என்றால் இனி வேண்டாம். எழுத்தில் 'நெ' காட்டிக்கொடுக்கும் வேறுபாட்டைப் பேச்சில் அந்த ஒற்றை மெய்யெழுத்தே சுமக்கிறது. பிரெஞ்சு வசன வரிகளை நம்பிப் படம் பார்ப்பவர்களும் இங்கே ஏமாறலாம், ஏனெனில் நடிகர் விழுங்கிய 'நெ' அவ்வரிகளில் பல நேரம் மீண்டும் முளைத்திருக்கும்.

சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்க முயல்வதும் பயன் தராது. 'குழந்தைகள்' என்பதற்கான 'லே', 'ஆன்ஃபான்' இரண்டும் புணர்ந்து 'லேஸான்ஃபான்' என்றே ஒலிக்கும். அழுத்தமும் தனிச்சொல்லில் அன்றி, சொற்றொடரின் இறுதி அசையில்தான் விழும். ஆகவே தொடரை முழுதாகக் காதில் வாங்கிய பிறகே பிரிக்க வேண்டும்.

சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வது இன்னொரு தவறு. 'பதினைந்து நாள்' என்று அவர்கள் சொல்வது இரண்டு வாரம். 'பா தெரிப்ல்' என்றால் 'பயங்கரமாக இல்லை' என்று நாம் ஆறுதல் கொள்வோம்; பேசியவரோ 'அவ்வளவு நன்றாக இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார். பொதுவாக 'யாரோ ஒருவர்' என்று கற்ற 'ஒன்', குடும்பக் கதைகளில் பெரும்பாலும் 'நாங்கள்' என்றே பொருள்படும்.

பாரிஸ் பேச்சையே பிரான்ஸ் முழுவதற்கும் அளவுகோலாக்க வேண்டாம். பாரிஸில் 'தினே' இரவு உணவு. வடக்கே முதியவர் ஒருவர் அதே சொல்லால் தம் மதியச் சாப்பாட்டைக் குறிக்கக்கூடும். பாரிஸ்காரர் 'பேன் ஓ ஷொகொலா' என்று கேட்டு வாங்கும் ரொட்டிக்குத் துலூஸ் நகரில் 'ஷொகொலத்தீன்' என்று பெயர்.