பயணிகள் விமான மாடல் கட்டுதல்: மேற்பரப்பே முதல் வேலை

போர் விமான மாடலில் உருமறைப்பு வண்ணமும் அழுக்குப் பூச்சும் சிறு குறைகளை மூடிவிடும். பயணிகள் விமானத்துக்கு அந்த வசதி இல்லை. பளபளக்கும் வெள்ளை உடல், அதன் குறுக்கே நேராக ஓடும் சன்னல் வரிசை, வாலில் ஒரு சின்னம் ஆகியவையே அதன் அழகு. ஆகவே உடலின் இரு பாதிகள் சேரும் இணைப்புக்கோட்டைச் சரிசெய்வதிலும், வெள்ளை வண்ணத்தை மெல்லியதாக ஏற்றுவதிலும் செலவிடும் நேரம்தான் மாடலின் தரத்தைத் தீர்மானிக்கிறது. இவ்வகைக் கிட்களில் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்புகளில்) மிகப் பரவலானது 1/144 அளவு, அதாவது உண்மை விமானத்தின் நீளத்தில் 144இல் ஒரு பங்கு. 37.57 மீட்டர் நீளமுள்ள ஏர்பஸ் ஏ320 இதில் ஏறக்குறைய 26 சென்டிமீட்டராகிறது. போயிங் 747-400 இன் இறக்கை விரிவு 45 சென்டிமீட்டரை நெருங்குகிறது. மாடலில் 0.2 மில்லிமீட்டர் மேடு விட்டுப்போனால், உண்மை விமானத்தில் அது சுமார் 29 மில்லிமீட்டர் உயரப் படியாக இருந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாகங்களை வெட்டுவதற்கு முன், எந்த விமான நிறுவனத்தின் எந்தப் பதிவெண் கொண்ட விமானத்தைக் கட்டப் போகிறோம் என்று முடிவுசெய்து, அதன் படங்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஏ320 இன் முதல் தலைமுறை விமானங்கள் சிஎஃப்எம்56, வி2500 என்ற இருவகை எஞ்சின்களில் ஏதேனும் ஒன்றோடு பறந்தன. 747-400 க்கு மூன்று நிறுவனங்களின் எஞ்சின்கள் கிடைத்தன. வெளிக்கூடுகளின் வடிவம் வேறுபடுவதால், டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒரு விமான நிறுவனத்துக்கும் எஞ்சின் இன்னொன்றுக்கும் உரியதாக அமைந்துவிடக் கூடாது.

பாகங்கள் இணைந்துவரும் பிளாஸ்டிக் சட்டங்களை இளஞ்சூடான சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால், அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை நீங்கும். பாகங்களைச் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும்.

உடலை ஒட்டுவதற்கு முன் மூக்கில் எடை வைப்பதை மறக்கலாகாது. மூடிய பிறகு அதற்கு வழியில்லை. எடை போதாவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். உடல், இறக்கை, வால், எஞ்சின் எல்லாவற்றையும் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, பிரதான சக்கரங்கள் வரும் இடத்தில் இரு விரல்களால் தாங்கிப் பார்த்தால் எவ்வளவு எடை வேண்டும் என்பது தெரியும். அதற்கு மேலும் கொஞ்சம் சேர்ப்பதே பாதுகாப்பு. ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டாம்: காலப்போக்கில் ஈயம் அரித்து உப்பி, உடலையே பிளக்கக்கூடும். எப்பாக்ஸி பசையே ஏற்றது.

சன்னல்களைப் பொறுத்தவரை, கிட்டில் வரும் தெளிவான பிளாஸ்டிக் பட்டைகளைவிட டெக்கால் சன்னல்களே என் தேர்வு. 1/144 இல் ஒரு சன்னல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து பார்க்கையில் அது கருமையாகவே தெரிகிறது. துளைகளை அடைப்பதாயின் சாதாரண புட்டி வேண்டாம். அது உலரும்போது சுருங்கி, வண்ணம் பூசிய பிறகு வரிசையாகக் குழிகளைக் காட்டும். உட்புறம் டேப் ஒட்டி, எப்பாக்ஸியோ சூப்பர் குளூவோ நிரப்புவது நம்பகமானது.

இனி இணைப்புக்கோடு. உடலின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய திரவப் பசையைத் தூரிகையால் கோட்டின்மேல் தொட்டால், அது தானாகவே இடைவெளிக்குள் ஓடிவிடும். சில நொடிகள் கழித்து மெதுவாக அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாக மேலே பிதுங்கும். அந்த வரப்புதான் கோட்டை மறைக்கப் போகிறது. ஓரிரு நாள் முழுமையாக இறுகிய பின்பே அதைச் சீவி, 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏறுவரிசையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். உடலின் வளைவு தட்டையாகிவிடாதபடி, வளைந்துகொடுக்கும் பஞ்சுத்துண்டில் தாளைச் சுற்றித் தேய்ப்பது அவசியம். பின்னர் சாம்பல் நிற பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு அடித்து, டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால், விரலுக்குத் தட்டுப்படாத கீறலும் பள்ளமும் நிழலாகத் தெரியும். நிரப்பு, தேய், மறுபடி பிரைமர் அடி என்ற இந்தச் சுற்றை, நிழல் எதுவும் விழாத வரை பொறுமையாகத் தொடர வேண்டும்.

இறக்கைகளை ஒட்டும்போது இரு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் உள்ளனவா என்று அளவுகோலால் பார்த்து, பசை இறுகும் வரை முட்டுக்கொடுத்து வைக்கலாம்.

வெள்ளை நிறத்துக்கு மறைக்கும் ஆற்றல் குறைவு. சாம்பல் பிரைமரின்மேல் நேரடியாகப் பளபளப்பு வெள்ளையைக் கனமாக ஏற்றினால், உலோகத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பலகைக் கோடுகள் அடைபட்டு, ஓரங்களில் வண்ணம் வழியும். இடையில் வெள்ளை பிரைமர் ஒன்றை அடித்துவிட்டு, அதன்மேல் பல மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவதே சரி. முதல் பூச்சு அரைகுறையாகத் தெரிவது இயல்பே. அதைக் கண்டு அவசரப்படக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிந்து வேலை செய்ய வேண்டும். மாடலில் வண்ண வாடை இருக்கும் வரை அது உலரவில்லை என்றே கொள்ளலாம். அதற்குமுன் மாஸ்கிங் டேப் (வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்கும் டேப்) ஒட்டினால் தடம் பதியும். பல போயிங் விமானங்களின் இறக்கை நடுப்பகுதியில் கோரோகார்ட் எனப்படும் அடர்சாம்பல் பூச்சும், முன்விளிம்பில் பூச்சற்ற உலோகமும் இருக்கும். இந்த நிற வேறுபாட்டைப் படம் பார்த்து அப்படியே பிரித்துப் பூசினால், இறக்கைக்கு உயிர் வந்துவிடும்.

டெக்கால் ஒட்டுவதற்குப் பளபளப்பான பரப்பு தேவை. சொரசொரப்பில் அதனடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். நீண்ட சன்னல் வரிசையை ஒரே துண்டாக ஒட்ட முயல வேண்டாம். கதவுகளின் இடத்தில் வெட்டி மூன்று நான்கு துண்டுகளாக்கி, உடலில் மெல்லிய டேப்பை வழிகாட்டிக் கோடாக ஒட்டி, மூக்கிலிருந்து பின்னோக்கிப் பொருத்தினால் வரிசை கோணாது. இளஞ்சூட்டு நீரில் சில நொடிகள் நனைத்து, தாளிலிருந்து தானாக நகரும் வரை காத்திருந்து, ஈரமான பரப்பின்மேல் சறுக்கி வைத்து, தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வெளியேற்ற வேண்டும். டெக்காலைப் பரப்போடு படியவைக்கும் மென்மையாக்கும் திரவம் தொட்டதும் அது சுருங்கிக் கெட்டுவிட்டதுபோல் தோன்றும். அந்த நேரத்தில் அதைத் தொடவே கூடாது. உலர உலரத் தானே படிந்துவிடும்.

மறுநாள் ஈரத்துணியால் பசைக்கறையைத் துடைத்துவிட்டு, மஞ்சளாகாத அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக அடிக்கலாம். தனியாக வண்ணம் பூசி வைத்த எஞ்சின்களும் சக்கரங்களும் அதன்பின் வரட்டும். கண்ணாடித் தகட்டின்மேல் மாடலை நிறுத்தி, எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொடும்படி கால்களைச் சரிசெய்து பசையை இறுகவிட வேண்டும். கைபட்டால் முறிந்துவிடும் ஆன்டெனாத் துண்டுகளை மட்டும் இவை எல்லாவற்றுக்கும் பிறகே ஒட்ட வேண்டும்.