ஏஐ மேக்ஸ் பொத்தானை அழுத்தும் முன்: கூகுள் தேடல் விளம்பரக் கணக்கைத் தயார்செய்வது எப்படி?

கூகுள் ஆட்ஸில் நாம் கையால் கட்டுப்படுத்திய விஷயங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. தேடலில் கட்டாயம் இருக்க வேண்டிய சொற்களைக் குறிக்க உதவிய பிராட் மேட்ச் மாடிஃபயர் 2021இல் போனது. 2022 ஜூன் 30க்குப் பிறகு பழைய வகை எழுத்து விளம்பரங்களைப் புதிதாக எழுதவும் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. நாம் வைத்த கிளிக் விலையைக் கூகுள் சற்று ஏற்றி இறக்கும் என்ஹான்ஸ்டு சிபிசி, தேடல் விளம்பரங்களுக்கு 2025 மார்ச்சில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் ‘ஏஐ மேக்ஸ்’ அறிவிக்கப்பட்டது.

ஏஐ மேக்ஸ் தனி கேம்பெய்ன் (ஒரே பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) வகை அல்ல. ஏற்கெனவே ஓடும் தேடல் கேம்பெய்னுக்குள் இருக்கும் ஓர் அமைப்புதான். அதை இயக்கினால் மூன்று வேலைகளைத் தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் கொடுத்த கீவேர்டுகளை, அதாவது விளம்பரம் வர வேண்டிய தேடல் சொற்களை, தாண்டிய தேடல்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். உங்கள் இணையதளத்தில் உள்ள வாசகங்களை எடுத்துப் புதிய விளம்பர வரிகளை எழுதும். கிளிக் செய்தவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்றும் அதுவே முடிவுசெய்யும்.

கோவையில் வெட் கிரைண்டர் விற்கும் ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வீடுகளுக்கு டேபிள் டாப், ஹோட்டல்களுக்கு டில்டிங் கிரைண்டர். ஒரு தேடல் கேம்பெய்ன், நாளுக்கு 500 ரூபாய் பட்ஜெட்.

படி 1: எது வெற்றி என்பதைத் திருத்துங்கள்

ஆறு படிகளில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற எதைத் தவறவிட்டாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இயந்திரத்துக்கு உங்கள் வியாபாரம் தெரியாது. ‘கன்வர்ஷன்’ என்று எதைக் குறித்திருக்கிறீர்களோ, அதைப் பெருக்குவது ஒன்றே அதன் வேலை.

‘கோல்ஸ்’ பகுதியில் ‘கன்வர்ஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். சிறு கடைகளின் கணக்கில் பெரும்பாலும் ‘தொடர்பு கொள்ள’ பக்கத்தைத் திறந்தது, வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டது, படிவம் அனுப்பியது, தொலைபேசி அழைப்பு எல்லாமே ‘பிரைமரி’ என்று இருக்கும். கைப்பேசித் திரையின் ஓரத்தில் மிதக்கும் வாட்ஸ்அப் பொத்தானில் விரல் தவறிப் படுவது சகஜம். அதையும் வெற்றியென்று எண்ணினால், விரல் தவறிப் படக்கூடியவர்களை இயந்திரம் மிகத் திறமையாகத் தேடிப் பிடித்துக் கொடுக்கும்.

படிவத்தையும் அழைப்பையும் மட்டும் பிரைமரியாக விட்டுவிட்டு, மற்றவற்றை ‘செகண்டரி’ ஆக்குங்கள். அவை அறிக்கையில் தெரியும். ஏலத்தொகையை, அதாவது ஒரு கிளிக்குக்கு உங்கள் சார்பில் கேட்கும் விலையை, தீர்மானிக்கப் பயன்படாது. படிவத்துக்கு எண்ணும் முறையை ‘ஒன்’ என்று வையுங்கள். ஒரே ஆள் மூன்று முறை அனுப்பினாலும் ஒன்றாகவே கணக்கில் வரும். விளம்பரத்திலிருந்து நேராக வரும் அழைப்பு 60 விநாடி நீடித்தால்தான் கன்வர்ஷன் என்பது கூகுளின் இயல்பான அமைப்பு. அதைக் கூட்டலாம், குறைக்கலாம். “பழைய கிரைண்டருக்குப் பெல்ட் கிடைக்குமா?” என்ற கேள்வி அரை நிமிடத்தில் முடிந்துவிடும். 20 லிட்டர் டில்டிங் கிரைண்டருக்கு விலை கேட்கும் ஹோட்டல்காரர் அவ்வளவு சீக்கிரம் போனை வைப்பதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், உண்மையான விற்பனையையே கூகுளுக்குத் தெரிவிக்கலாம். கிளிக் நடக்கும்போது பொதுவாக ஜிசிஎல்ஐடி என்ற அடையாளக் குறி இணைய முகவரியில் ஒட்டிக்கொண்டு வரும். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் வைத்து அதைச் சேமித்துவிட்டால், கிளிக் நடந்த 90 நாட்களுக்குள் ‘இந்தக் கிளிக் விற்பனையானது, மதிப்பு இவ்வளவு’ என்று பதிவேற்ற முடியும். மதிப்பாக விற்பனை விலையைவிட லாபத்தைக் கொடுப்பதே நல்லது என்பேன். வாடிக்கையாளரின் தொலைபேசி எண், மின்னஞ்சல் போன்றவற்றைப் பயன்படுத்தும் வசதிகளை இயக்குவதாக இருந்தால், படிவத்திலேயே ஒப்புதல் கேட்டுவிடுங்கள்.

படி 2: தேடல் சொற்களை அலசுங்கள்

‘செர்ச் டெர்ம்ஸ்’ அறிக்கையில் கடந்த மூன்று மாதத் தேடல்களைச் செலவின் வரிசையில் அடுக்குங்கள். ‘கிரைண்டர்’ என்ற ஒரு சொல்லை நம்பி விளம்பரம் போட்டால் யாரெல்லாம் வருவார்கள் என்று அங்கே தெரிந்துவிடும்: இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் வேண்டியவர், காபிக்கொட்டை அரைப்பவர், கல்யாணத்துக்கு வாடகைக்குக் கேட்பவர், பழசை விற்க நினைப்பவர், வேலை தேடும் மெக்கானிக். இப்போதே இத்தனை பேர் என்றால், ஏஐ மேக்ஸ் வலையை இன்னும் அகலமாகத்தான் விரிக்கும்.

நெகட்டிவ் கீவேர்டுகள், அதாவது விளம்பரம் வரக்கூடாது என்று நாம் தடுக்கும் சொற்கள், ஏஐ மேக்ஸிலும் அப்படியே செல்லுபடியாகும். ஆனால் அவை ஒரே பொருள் தரும் பிற சொற்களைத் தாமாகத் தடுப்பதில்லை. ‘ரிப்பேர்’ என்பதைத் தடுத்தால் ‘சர்வீஸ்’ உள்ளே வரும். ‘வாடகை’யைத் தடுத்தால் ‘ரென்ட்’ வரும். நம் ஊரில் ஒரே ஆள் காலையில் தமிழ் எழுத்தில் தேடுவார், மாலையில் அதே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில், ஆங்கிலத்தில் என்று மூன்று விதமாகவும் பட்டியலில் சேருங்கள். அலுப்பான வேலைதான். ஒருமுறை செய்துவிட்டால் பிறகு அவ்வப்போது ஓரிரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும்.

சொற்களைத் தடுப்பதிலும் நிதானம் வேண்டும். ‘விலை’ என்று தேடுபவர் விசாரிக்க மட்டுமே வருகிறார் என்று நினைத்து அந்தச் சொல்லைத் தடுப்பவர்கள் உண்டு. விலை கேட்காமல் யார் கிரைண்டர் வாங்குகிறார்கள்?

படி 3: இணையதளத்தைக் கூட்டிப் பெருக்குங்கள்

இனிமேல் உங்கள் இணையதளமும் விளம்பரத்துக்கான மூலப்பொருள். போன பொங்கலுக்குப் போட்ட தள்ளுபடி அறிவிப்பு ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் கிடந்தால், அது நாளை தலைப்பு வரியாக வந்து நிற்கலாம். கோவை மாநகருக்குள் மட்டும் இலவச டெலிவரி என்றால், அந்த நிபந்தனையை அதே வாக்கியத்தில் எழுதுங்கள். அடுத்த பத்தியில் எழுதினால் நிபந்தனை விடுபட்டு இலவசம் மட்டும் விளம்பரத்துக்குப் போய்ச் சேரக்கூடும்.

பிறகு விலக்கவேண்டிய பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வேலைவாய்ப்பு, பணம் திரும்பப் பெறும் விதிகள், இட்லி மாவு அரைக்கும் பக்குவம் பற்றிய கட்டுரை, கையிருப்பில் இல்லாத மாடல்கள். ஏஐ மேக்ஸ் அமைப்பில் இவற்றின் முகவரிகளை ‘யுஆர்எல் எக்ஸ்குளூஷன்’ பகுதியில் சேர்க்கலாம். சிறிய தளமாக இருந்தால், பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியை முதல் சுற்றில் அணைத்தே வைத்துவிடுங்கள்.

படி 4: தலைப்பு வரிகள்

ஒரு விளம்பரத்தில் 15 தலைப்புகள், 4 விவரங்கள் வரை கொடுக்கலாம். தலைப்புக்கு 30 எழுத்து, விவரத்துக்கு 90. ஒரே விஷயத்தைப் பதினைந்து விதமாகச் சொல்லாமல் விலை, கொள்ளளவு, உத்தரவாதம், டெலிவரி, கடை இருக்கும் இடம் என்று பிரித்து எழுதுங்கள். தமிழில் 30 சீக்கிரம் நிரம்பிவிடும். பெட்டியருகே ஓடும் எண்ணிக்கையைப் பார்த்தபடியே எழுதுவது நல்லது.

படி 5: ஏலமும் பட்ஜெட்டும்

முதலில், பட்ஜெட்டுக்குள் முடிந்தவரை அதிக கன்வர்ஷன் தேடும் ‘மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸ்’ ஏல முறையை, ஒரு கன்வர்ஷனுக்கு இவ்வளவு என்ற இலக்கு எதுவும் வைக்காமல் சில வாரங்கள் ஓடவிடுங்கள். ஒரு விசாரணைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்த பிறகு, அந்தத் தொகையை ஒட்டியே இலக்கை வையுங்கள். 300 ரூபாய் ஆகும் இடத்தில் 100 ரூபாய் என்று இலக்கு கொடுத்தால் விளம்பரம் பேச்சுமூச்சில்லாமல் போய்விடும். மாதத்துக்கு நாலைந்து கன்வர்ஷன் மட்டுமே வரும் கணக்கென்றால் அவசரப்படாதீர்கள். அவ்வளவு குறைந்த தரவிலிருந்து இயந்திரம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

500 ரூபாய் பட்ஜெட்டில் ஒரு நாள் 1,000 ரூபாய் வரை போகலாம். பதற வேண்டாம், மாதக் கணக்கில் நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. அதாவது 15,200 ரூபாய்.

இடத் தேர்வில் ‘பிரசன்ஸ்’ (அந்த ஊரில் இருப்பவர்கள்) என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இயல்பான அமைப்பு, கோவைமீது ‘ஆர்வம்’ காட்டும் வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளும். பரிந்துரைகளைத் தானாக ஏற்கும் ‘ஆட்டோ அப்ளை’ இயங்கினால் அதை அணையுங்கள்.

படி 6: பாதிக்குப் பாதி சோதனை

முழு கேம்பெய்னையும் ஒரே நாளில் மாற்றாமல், ‘எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ வழியாகப் பாதித் தேடல்களுக்கு மட்டும் ஏஐ மேக்ஸை இயக்குங்கள். ஆறு வாரமாவது ஓடட்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாரங்களில் தொடங்காதீர்கள். அந்த நாட்களில் எது செய்தாலும் விற்கும், எதனால் விற்றது என்று தெரியாது. சோதனை நடக்கும்போது இடையில் இலக்கையோ பட்ஜெட்டையோ மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும். குப்பைத் தேடல்களை மட்டும் வாரம் ஒருமுறை நெகட்டிவ் பட்டியலில் சேருங்கள்.

தேடல் சொல் அறிக்கையில் ‘ஏஐ மேக்ஸ்’ என்று குறிக்கப்பட்டவற்றைத் தனியே பிரித்துப் பாருங்கள். கன்வர்ஷன் கூடியிருந்தால் உடனே மகிழ்ந்துவிடாமல், அந்தத் தேடல்களில் உங்கள் கடைப் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைப் பெயரைத் தட்டித் தேடுபவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வந்துவிடுவார். அப்படிப்பட்டவை நிறைய இருந்தால், இந்தக் கேம்பெய்னில் கடைப் பெயரை நெகட்டிவ் ஆக்கிவிட்டு, வேண்டுமானால் அதற்கென்று சிறிய தனிக் கேம்பெய்ன் ஒன்றைத் தொடங்குங்கள். பிறகு சோதனையை முதலிலிருந்து மீண்டும் ஓட்டுங்கள்.