முக்கியக் கட்டமைப்புகளின் காலநிலை இடரை மதிப்பிடும் முறை

மின் துணைநிலையம், நீரேற்று நிலையம், மருத்துவமனை, பாலம் எனப் பட்டியலிடும்போதே ஒவ்வொன்றின் தரைமட்ட உயரம், எஞ்சிய ஆயுட்காலம், அது செயலிழந்தால் சேவையை இழக்கும் மக்கள்தொகை ஆகியவற்றையும் பதிவு செய்ய வேண்டும். இடரை அபாயம் (வெள்ளம், வெப்ப அலை போன்ற நிகழ்வு), வெளிப்பாடு (அந்நிகழ்வு தாக்கும் இடத்தில் கட்டமைப்பு இருப்பது), பாதிப்புக்குள்ளாகும் தன்மை (தாக்கினால் எளிதில் சேதமடைவது) ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்குவதால், வெள்ள வரைபடம் ஒன்றே மதிப்பீடாகிவிடாது.

பழைய மழைப் பதிவுகளும் போதா. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது; அதனால் கனமழையும் தீவிரமாகிறது. ஆகவே பசுமை இல்ல வாயுக்களின் உமிழ்வு மிதமாக இருக்கும் நிலை, தீவிரமாக இருக்கும் நிலை இரண்டையும் கட்டமைப்பின் ஆயுட்காலம் முழுவதற்கும் கணித்துப் பார்க்க வேண்டும். 2100 வரை நிற்கவேண்டிய பாலத்துக்கு 2050 வரையிலான கணிப்பால் பெரிய பயனில்லை.

அதிகக் கவனம் கோருவது கட்டமைப்புகளுக்கு இடையிலான சார்பு. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் ஒரு துணைநிலையம் வெள்ளத்தால் செயலிழந்ததில் கீழ் மன்ஹாட்டனின் பெரும்பகுதி மின்சாரமின்றிப் போனது. ஆகையால் மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அது நிலத்தடித் தளத்தில் இருக்கிறதா, அதற்கான டீசல் எந்தச் சாலை வழியாக வரும், அச்சாலை வெள்ளத்தில் மூழ்குமா என்றும் கேட்க வேண்டும்.

எந்த நீர்மட்டத்தில், எந்த வெப்பநிலையில் கருவி நின்றுபோகும் என்பதை அதை இயக்கும் பணியாளர்களே (ஆலோசகர்களைவிடத் துல்லியமாக) சொல்வார்கள். அந்த வரம்புகளைக் கணிப்புகளோடு ஒப்பிட்டு, முதலில் மீறப்படக்கூடியவற்றுக்குத் தகவமைப்புத் திட்டத்தில் (மாறும் காலநிலைக்கு ஏற்பக் கட்டமைப்பைத் தயார்செய்யும் திட்டம்) முன்னுரிமை அளிக்கலாம்.