பினாங்கிலிருந்து காலிக்கு: காற்று விழுந்தால் டீசல் எதுவரை வரும்?

ஜார்ஜ்டவுனிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் ஏறக்குறைய 1200 கடல் மைல். என் பாய்மரப் படகின் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். அதோடு 20 லிட்டர் கேன்கள் நான்கு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஜனவரி, பிப்ரவரியில் புறப்பட வேண்டும் என்பதும் பாய் ஏற்றுவது எப்படி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் என்ஜின் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி இரண்டு மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். மறுபடி கழுத்துவரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அதுதான் கணக்கு. பினாங்கு நீரிணையில் நீரோட்டம் இழுக்கும் என்பதால், பாலத்தை நோக்கி ஒரு மணி நேரம், திரும்பி ஒரு மணி நேரம். என் படகு, என்ஜின் நிமிடத்துக்கு 1600 சுற்றில் மணிக்கு 1.5 லிட்டர் குடித்து 4.2 நாட் (மணிக்கு 4.2 கடல் மைல்) வேகத்தில் ஓடியது. 2200 சுற்றில் 3 லிட்டர், 5.4 நாட். ஒன்றேகால் நாட் கூட வராத வேகத்துக்கு இருமடங்கு டீசல்!

அடுத்ததில்தான் நான் சறுக்கினேன். உறிஞ்சுகுழாய் தொட்டியின் அடியைத் தொடாது. சுமத்ரா முனையைத் தாண்டிய இரவில் டீசல் அளவு காட்டும் முள் கால் பங்கு காட்டிக்கொண்டிருந்தது. படகு உருண்டபோது குழாய் காற்றை இழுத்தது. என்ஜின் இருமி நின்றுவிட்டது. டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, நுரை அடங்கி டீசல் மட்டும் கசியும்வரை கைப் பம்பை அழுத்தினேன். ஃபில்டர் கிண்ணத்தில் காப்பி மண்டி போலக் கசடு. ஒன்றரை மணி நேரம் போயிற்று. இப்போது முள்ளை நம்புவதில்லை. கோடு போட்ட மரக்குச்சிதான்.

ஆகவே அடியில் உள்ள 30 லிட்டரை மறந்துவிடுங்கள். இன்னும் 40 லிட்டரைத் தொடாமல் வையுங்கள். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் வரிசையாகப் போகும் பாதையில் காற்றின்றி மிதக்கக் கூடாது. மீதி 160 லிட்டர், மெதுவாக ஓட்டினால் 450 மைல். மற்ற 750 காற்றின் பொறுப்பு. (ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த என் தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால், பேசாமல் டிக்கெட் வாங்கு என்றிருப்பார்.)

காற்று 6 நாட் வேகத்துக்குக் கீழே இறங்கினால் பெரிய பாயை இறக்கிவிடுங்கள். அலையில் படபடவென்று அடித்துத் தையல் பிரியும். மெல்லிய நைலான் பாயை மட்டும் ஏற்றி, காற்றைச் சற்றுப் பக்கவாட்டில் வாங்குங்கள். வழி சிறிது நீளும், வேகம் கிடைக்கும். காற்றின் திசை காட்ட விலையுயர்ந்த கருவி வேண்டாம். பாய்மரக் கம்பியில் பழைய கேசட் நாடாவை ஒரு சாண் கட்டினால் போதும். கன்னம் உணராத காற்றுக்கும் அது அசையும். நான்கு மணி நேரக் காவல் முறை முழுவதும் படகு 2 நாட் வேகத்தைத் தாண்டாவிட்டால்தான் என்ஜின்.

பிற்சேர்க்கை: கேனிலிருந்து ஊற்றும்போது டீசலில் தண்ணீர் கலந்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். தொட்டி பாதியாகும்போதே, கடல் அடங்கிய காலையில், வடிகட்டி வைத்த புனலில் ஊற்றுங்கள். கேனின் கடைசி இரண்டு விரல் அளவு கேனிலேயே இருக்கட்டும்.