கால்பேக்கைப் பிராமிஸாக்குவது: பூக்கடை பில்லை வைத்து

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்கு நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) பில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைய மல்லி விலை இருக்கும் ஃபைலைப் படிக்க வேண்டும், பில்லைச் சேமிக்க வேண்டும், விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கால்பேக், அதாவது வேலை முடிந்ததும் கூப்பிடச் சொல்லிக் கொடுக்கும் ஃபங்ஷன். அவற்றைப் பிராமிஸாக, அதாவது பின்னால் வரப்போகும் விடையையோ எரரையோ ஏந்தி நிற்கும் ஆப்ஜெக்ட்டாக, மாற்றிய வழி இது.

பழைய ஃபங்ஷனைத் தொட வேண்டாம். மேலே ஒரு உறை போட்டால் போதும். புதிய ஃபங்ஷன் ஒன்று எழுதி, 'நியூ பிராமிஸ்' ஒன்றை ரிட்டர்ன் செய்யுங்கள். அதற்குள் பழையதைக் கூப்பிடுங்கள். நோட் வழக்கப்படி கால்பேக்கில் எரர் முதலில் வரும், விடை அடுத்து வரும். எரர் இருந்தால் தோல்வி என்று சொல்லும் 'ரிட்டர்ன் ரிஜெக்ட்', இல்லாவிட்டால் விடையைக் கொடுக்கும் 'ரிசால்வ்'. அந்த ரிட்டர்னை விட்டுவிடாதீர்கள். ரிஜெக்ட் ஃபங்ஷனை நிறுத்தாது, கீழே உள்ள வரிகளும் ஓடும்.

கால்பேக்குக்குள் வேறு எதையும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஃபைலைப் படித்த கையோடு அங்கேயே ஜேசன் பார்ஸ் செய்தேன், அதாவது ஃபைலில் உள்ள எழுத்தை டேட்டாவாக மாற்றினேன். ஒருநாள் விடிகாலை விலையைத் திருத்தும்போது ஒரு கமா கூடுதலாக விழுந்துவிட்டது. பார்ஸ் எரர் வீசியது. பிராமிஸின் எரரைப் பிடிக்கும் கேட்ச் எழுதியிருந்தும் புரோகிராமே விழுந்தது. ஏனென்றால் நியூ பிராமிஸுக்குக் கொடுத்த ஃபங்ஷன் ஓடும்போது வீசிய எரரை மட்டும்தான் பிராமிஸ் பிடிக்கும். கால்பேக் ஓடுவதற்குள் அந்த ஃபங்ஷன் முடிந்துபோயிருக்கும். கூடைகள் வந்து இறங்கிக்கொண்டிருக்க, "தம்பி, பில்லே வரலையே" என்று கடைக்கார அண்ணன் போன் செய்தார். பார்ஸை வெளியே எடுத்து, பிராமிஸின் விடை வந்ததும் ஓடும் 'தென்'னுக்குள் வைத்தேன். அங்கே வீசினால் ஒழுங்காக கேட்ச்சுக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு உறையையும் கையால் எழுத வேண்டியதில்லை. 2017-இல் வந்த நோட் 8 முதல் யூடில் மாட்யூலில் இந்த உறையைத் தானே போட்டுத்தரும் பிராமிசிஃபை இருக்கிறது. ஆப்ஜெக்ட்டின் மெத்தடை அதற்குக் கொடுத்தால் எந்த ஆப்ஜெக்ட் என்று காட்டும் 'திஸ்' அறுந்துவிடும், முதலில் பைண்ட் செய்து அதைக் கட்டிவிடுங்கள். ஃபைல் வேலைக்கு எஃப்எஸ் பிராமிசஸ் தயாராகவே இருக்கிறது. பிரவுசரில் இருப்பிடம் கேட்கும் கெட் கரன்ட் பொசிஷன் வேறு மாதிரி: கிடைத்தால் ஒரு கால்பேக், கிடைக்காவிட்டால் இன்னொன்று. அந்த இரண்டு இடத்திலும் ரிசால்வையும் ரிஜெக்டையும் அப்படியே கொடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும் மாற்றவும் கூடாது. பிராமிஸ் ஒரே தடவைதான் முடியும். தராசிலிருந்து எடை வந்துகொண்டே இருக்கும் ஈவென்ட்டை அதில் போட்டால் முதல் கூடையின் எடை மட்டும் கிடைக்கும். அதைக் கால்பேக்காகவே விட்டிருக்கிறேன்.